கெரிம்குல் சொன்ன முந்நூறு

கெரிம்குல் என் கணவரின் அண்ணன். வீட்டுக்கு வந்த மருமகள் கணவனின் அண்ணன் பெயரை வாயால் சொல்வது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரைக் 'குரல்காரர்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அதனால் இங்கே பெயரையே எழுதுகிறேன்.

அவர் ஜார்ச்சி. குதிரைப் பந்தயத்திலும், செத்த கிடாயைப் பிடுங்கிக்கொண்டு குதிரைக்காரர்கள் மல்லுக்கட்டும் விளையாட்டிலும், பெரிய விருந்துகளிலும் மேட்டில் நின்று நடப்பதைக் கூவிச் சொல்கிறவர். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் எதிர்ச் சரிவு வரை போகும். அங்கே மேய்கிற ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும்.

ஏழாவதாக வருகிற குதிரையைப் பற்றி, "முன்னால போற ஆறையும் விரட்டிக்கிட்டு வருது பாருங்க!" என்பார். குதிரைக்குச் சொந்தக்காரன் தோற்றதையே மறந்து சிரிப்பான். விருந்து கொடுப்பவர் ஐந்து குதிரை அறுத்திருந்தால் கெரிம்குல் வாயில் அது பதினைந்தாகும். விருந்தாளிகள் இருநூறு பேர் என்றால், அடுத்த மாவட்டத்தில் கதவைப் பூட்டக்கூட ஆள் இல்லை என்பார். ஒருமுறை பக்கத்து ஊரிலிருந்து வந்த புது ஜார்ச்சி ஒருவன், இறந்தவர் நினைவு விருந்தில் உள்ள கணக்கை உள்ளபடி சொல்லிவிட்டான். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவனை அடிக்கப் போய்விட்டார்கள். கெரிம்குல் கூட்டிச் சொன்னதால் ஒருவரும் ஏமாந்ததில்லை. அறுத்த குதிரையின் தோல் வேலியில் தொங்கும், வேண்டுமானால் எண்ணிக்கொள்ளலாம்.

மற்ற நாட்களில் அவர் எங்களைப் போல ஆடு மேய்க்கிறவர்தான். மகள்கள் கல்யாணமாகி நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவரும் அவர் மனைவி அனார்கானும், நாங்களும் ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீடுகளில் இருக்கிறோம்.

ஒரு வருஷம் வசந்தத்தில் ஊர் மன்றத் தேர்தல் வந்தது. தாவ்லெத் என்பவர் நின்றார். சிமெண்ட் வியாபாரம் செய்தவர், கெட்ட மனிதர் இல்லை. கூரைமேல் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் எங்கள் முற்றத்துக்கு வந்து இறங்கினார். நான் தேநீர் ஊற்றினேன்.

"அண்ணே, நான் பேசினா ஜனங்க கொட்டாவி விடறாங்க. நீங்க பேசினா குதிரைகூட நின்னு கேக்குது. நாலு கூட்டம் வந்து பேசுங்க, போதும்" என்றார்.

கெரிம்குல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அவருக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி என்றால் அப்படித்தான் செய்வார்.

முதல் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. தாவ்லெத் சாலையைப் பற்றியும் பள்ளிக்கூட அடுப்பைப் பற்றியும் பேசினார். எல்லாம் உண்மை. ஜனங்கள் சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு கெரிம்குல் ஒலிவாங்கியை வாங்கினார். அவரும் சாலையைத்தான் ஆரம்பித்தார். விதை கடிக்கும் சத்தம் நிற்கவில்லை. அவர் கண் கூட்டத்தில் எதையோ தேடியது. எங்கள் அடுத்த வீட்டு ஷாக்கேன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பனி உருகும் சமயத்தில் அவள் கொட்டிலிலிருந்து ஒரு வெள்ளாட்டை ஓநாய் கொண்டுபோயிருந்தது.

கெரிம்குல் அந்த ஆட்டைப் பற்றிப் பேசினார். காலையில் பனிமேல் அதன் கழுத்து மணி மட்டும் கிடந்ததாம். ஆடு பனிக்குள் புதைந்திருக்கிறது என்று நினைத்து ஷாக்கேன் வெறுங்கையால் தோண்டினாளாம். கையில் மணி வந்ததாம், ஆடு வரவில்லையாம்.

விதை கடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

அந்த வெள்ளாட்டுக்கு மணியே கட்டியிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும், ஷாக்கேனுக்கும் தெரியும். ஆனால் ஷாக்கேன் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "மொத்தம் எத்தனை ஆடு போச்சு, ஜார்ச்சி?"

பந்தய மைதானத்தில் கேள்வி வந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படியே கெரிம்குல் சொன்னார். "முந்நூறு! இந்தப் பள்ளத்தாக்குல மட்டும் முந்நூறு! மேய்ச்சல் கமிட்டி தூங்குது, ஓநாய் தூங்கலே!"

இரண்டாவது ஊர்க் கூட்டத்திலிருந்து தாவ்லெத் சாலையைப் பற்றிப் பேசவே இல்லை, ஓநாயைப் பற்றித்தான்.

அன்று மாலை ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே அனார்கான் கேட்டார். "முந்நூறா? நம்ம மலை ஓநாய்க்கெல்லாம் கல்யாண விருந்தா நடந்துச்சு?"

"சும்மா இரு. பந்தயத்துல சொல்றதில்லையா, அந்த மாதிரிதான். கேட்டவனுக்கும் தெரியும்."

"பந்தயத்துல குதிரை கண்ணு முன்னால ஓடுது. நீங்க எவ்வளவு அளக்கறீங்கன்னு அவனே பாத்துக்கறான். ஓநாயை எவன் பாத்தான்?"

"நீ ஒருத்தி போதும் எனக்கு. வெளியில எதிரியே வேணாம்."

"வெளியில உங்களுக்குக் கைதட்டறவன்தான் இருக்கான். எதிரி வேலையை நான்தானே பாக்கணும்?"

இருவரும் சிரித்தார்கள். நானும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகு கடையில் ரொட்டிக்கு நிற்கும்போது வேறு பேச்சே இல்லை. ஒருவருக்குப் போன வருஷம் காணாமல் போன கிடாய் ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு அதற்கு முந்தின வருஷம் பள்ளத்தில் விழுந்த கன்று ஞாபகம் வந்தது. தானாக ஏன் விழப் போகிறது, துரத்தியதால்தான் விழுந்தது என்றார். போனில் ஒரு படம் சுற்றியது. வாயெல்லாம் ரத்தமாக ஒரு ஓநாய், பின்னால் மரங்கள். அந்த மாதிரி மரம் எங்கள் மலையில் முளைப்பதே இல்லை. மரத்தை யாரும் பார்க்கவில்லை.

ஷாக்கேன் கையில் ரொட்டியோடு சொல்லிக்கொண்டிருந்தாள். "என் வீட்ல மட்டும் அஞ்சு போச்சு."

எனக்குப் பேசுவது பழக்கமில்லை. ஆனாலும் மெதுவாகக் கேட்டேன். "வெள்ளாடு ஒண்ணுதானே அக்கா? பெரிய செம்மறி ஈரத் தழை தின்னு வயிறு ஊதித்தானே செத்துச்சு? நீங்கதானே கத்தி கேட்டு எங்க வீட்டுக்கு வந்தீங்க?"

"வயிறு ஏன் ஊதிச்சு? சொல்லேன்! ஓநாய் வாடை பட்டு, பயந்து, கண்டதைத் தின்னுச்சு. அது ஓநாய்க் கணக்கு இல்லாம யார் கணக்கு?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவளுக்கு அப்படித்தான் நடந்திருந்தது.

தாவ்லெத் ஜெயித்தார். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

பிறகு மேலே போகிற காலம் வந்தது. வருஷா வருஷம் எங்கள் தெரு மொத்தமும் மலைமேல் ஜைலோவுக்கு, அதாவது கோடை மேய்ச்சலுக்குப் போய்விடும். கூடாரம், குழந்தைகள், கோழிகூடப் போகும். ஊரைச் சுற்றியுள்ள புல்வெளியில் கோடை முழுக்க ஆட்டின் வாய் படக் கூடாது. அது வளர்ந்தால்தான் அறுத்து உலர்த்தி வைக்கோல் போர் போட முடியும். போர் இல்லையென்றால் பனிக்காலத்தில் ஆடு நிற்காது. இலையுதிர் காலத்திலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

அந்த வருஷம் யாரும் கூடாரத்தைப் பரணிலிருந்து இறக்கவில்லை. ஆடுகள் ஊரோரப் புல்வெளியில் மேய ஆரம்பித்தன. எங்கள் ஆடுகளும் அங்கேதான் நின்றன. நான் தினமும் தண்ணீர் எடுக்கப் போகும்போது பார்ப்பேன். புல் முழங்காலுக்கு வர வேண்டிய இடத்தில் கணுக்காலுக்குக்கூட இல்லை.

கெரிம்குல் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவர் எசெனின் எதிரில் உட்கார்ந்தார்.

"டேய், எப்ப சாமான் ஏத்தறே?"

"எங்கே?"

"எங்கேன்னா? மேலேதான்."

"அண்ணே, ரெண்டு சின்னப் பசங்களை வெச்சிருக்கேன். கொண்டுபோய் ஓநாய்க்குத் தீனியா வைக்கவா?"

"எந்த ஓநாய்டா? வருஷத்துக்கு நாலோ அஞ்சோ ஆடு போகும். நம்ம அப்பா காலத்துலேர்ந்து போகுது. முந்நூறுங்கறது நான் சொன்னது. என் வாயிலேர்ந்து வந்தது!"

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்கதானே சொன்னீங்க? ஊரே கேட்டுச்சு."

"அது மேடைப் பேச்சு."

"மேடையில அத்தனை பேர் முன்னால நின்னு ஒண்ணு சொல்றீங்க. வீட்ல தேநீர் குடிச்சுக்கிட்டு இன்னொண்ணு சொல்றீங்க. நான் எதை எடுத்துக்கறது? மேய்ச்சல் கமிட்டிக்காரன் யாராவது வந்து உங்க வாயை அடைச்சானா?"

கெரிம்குல் என் பக்கம் திரும்பினார். எங்களில் மூத்தார் மருமகளிடம் நேராகக் கேட்பதும் இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "இந்த வீட்ல யாருக்காவது புல்லோட உயரம் தெரியுமான்னு கேக்கறேன்."

நான் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, தெரியும் என்று தலையை ஆட்டினேன். எசென் அதைப் பார்த்தார். "புல்லைவிடப் புள்ளைங்க பெருசு" என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது? அவர் பயந்தவர் இல்லை. அவர் அண்ணனின் வார்த்தையை நம்புகிறவர். அந்த அண்ணனே எதிரில் உட்கார்ந்து நம்ப வேண்டாம் என்றபோதும் விடவில்லை.

கெரிம்குல் தாவ்லெத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். வெற்றிக்கு நன்றி சொல்கிற மாதிரி தாவ்லெத் ஒரு பை மிட்டாயோடு வந்தார்.

"தம்பி, ஒரு உதவி. நாலு பேரைக் கூட்டி வெச்சு, ஜார்ச்சி சொன்ன முந்நூறு சும்மா பேச்சு வழக்குல சொன்னதுன்னு சொல்லிடு. ஜனங்க மேலே போக மாட்டேங்கறாங்க."

தாவ்லெத் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. "அண்ணே, நீங்க அடக்கமா பேசறீங்க. முந்நூறு கம்மி. நான் ஜெயிச்சதும் செஞ்ச மொத வேலை என்ன தெரியுமா? வீடு வீடா ஆள் அனுப்பி விசாரிச்சேன். நானூத்தி இருபது!"

"வீடு வீடா என்னன்னு கேட்டே?"

"ஓநாய் உங்க வீட்டு ஆடு எத்தனையைத் தின்னுச்சுன்னுதான்."

"நோயில எத்தனை செத்துச்சு, திருடன் எத்தனை கொண்டுபோனான்னு கேட்டியா?"

"அதை எதுக்கு அண்ணே கேக்கணும்? ஓநாய்க் கணக்குதானே எடுக்கறோம்?"

தாவ்லெத் போகும்போது கெரிம்குலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இந்த ஊருக்குக் கண்ணைத் தொறந்துவிட்டது நீங்கதான்" என்றார்.

மறுநாள் கெரிம்குல் கூடாரத்தை இறக்கினார்.

"ஏங்க, நீங்க மட்டுமா?" என்றார் அனார்கான்.

"நான் மேலே போய் ஆட்டோட இருக்கேன். ஒண்ணும் ஆகலேன்னு பாத்தா இவன் வந்துடுவான். இவன் வந்தா தெரு வந்துடும்."

"உங்க வாய் போட்ட முடிச்சை அவுக்க உங்க கால் போகுது. நடுவுல என் இடுப்பு ஏன் வலிக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுப்பைத் துணியில் கட்டினார். இருவரும் தங்கள் ஆடுகளோடும் நாயோடும் போனார்கள். தெருவில் பெண்கள் வாசலில் நின்று, சாவுக்குப் போகிறவர்களை வழியனுப்புவது போலப் பிரார்த்தித்து முகத்தைக் கையால் வழித்துக்கொண்டார்கள்.

மேலே நல்ல புல் இருந்தது, நல்ல தண்ணீர் இருந்தது. ஓநாயும் இருந்தது. எங்கள் மலையில் எப்போதும் இருப்பதுதான். ஒரு பனிமூட்டத்தில் அது வந்து கறுப்பு முகமுள்ள குட்டி ஒன்றைக் கொண்டுபோனது. நாய் துரத்திக்கொண்டு ஓடியது. அதோடு சரி.

இதைக் கீழே சொல்வதா வேண்டாமா என்று இருவருக்கும் பேச்சு நடந்திருக்கிறது. அனார்கான் பிறகு என்னிடம் சொன்னார். சொல்லவே வேண்டாம் என்பது அவர் கட்சி. "ஒண்ணும் நடக்கலேன்னு சொல்லுங்க. ஒரு தடவை கம்மியா சொன்னா நாக்கு அழுகிடாது" என்றாராம். கெரிம்குல், "நான் கூட்டிச் சொல்லிப் பழகினவன். எனக்குக் குறைச்சுச் சொல்ல வராது. உள்ளதைச் சொல்லிப் பாக்கறேன்" என்றாராம்.

மாவும் உப்பும் வாங்க அவர் கீழே வந்தபோது கடை வாசலில் கூட்டம் இருந்தது. நானும் நின்றேன்.

"என்ன அண்ணே, மேலே எப்படி?" என்று ஷாக்கேன் கேட்டாள்.

"புல் நல்லா இருக்கு. ஒரு குட்டியை ஓநாய் தூக்கிடுச்சு. கறுப்பு மூஞ்சிக் குட்டி. ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் மேயுது."

சாதாரணக் குரலில்தான் சொன்னார். அந்தக் குரலில் அவர் நாலு பேர் முன்னால் பேசி ஊரார் கேட்டதே இல்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மலைவெயிலில் கன்னம் கறுத்து உரிந்திருந்தது. குதிரையின் ஒரு பக்கச் சேணப்பை காலியாகத் தொங்கியது. அவர் மாவை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

"குரலே எழும்பலே, பாத்தீங்களா?" என்றாள் ஷாக்கேன்.

"வெக்கம். முந்நூறுன்னு எச்சரிச்சவரு, தானே போய் மாட்டிக்கிட்டாரே" என்றார் இன்னொருவர்.

"ஒண்ணாம்! அந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒண்ணுன்னு எப்பவாவது வந்திருக்கா? மொத்தமும் போயிடுச்சு. தாங்க முடியாம ஒண்ணுங்கறாரு."

நான், "ஒண்ணாத்தான் இருக்கும்" என்றேன். ஷாக்கேன் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "நீ அந்த வீட்டு மருமக. அப்படித்தான் சொல்லணும்" என்றாள்.

எங்களில் மந்தையை இழந்தவனை அப்படியே விட்டுவிடுவது கிடையாது. தெருவில் ஒவ்வொரு வீடும் ஓர் ஆடு கொடுக்கும். புதிதாக மந்தை ஆரம்பித்துக் கொடுப்பது ஊரின் பொறுப்பு. அன்று மாலையே பெண்கள் எண்ணெயில் பொரித்த பூர்சாக்கும் சர்க்கரையும் தட்டில் வைத்துத் துணி மூடி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அழுதார்கள். நான் தேநீர் ஊற்றினேன். ஆண்கள் முற்றத்தில் நின்று யார் எந்த ஆடு என்று பேசினார்கள். நோஞ்சானை யாரும் கொண்டுவரவில்லை. ஷாக்கேனிடம் நல்ல ஆடு என்று இரண்டுதான் இருந்தது. அதில் பெரியதைப் பிடித்து வந்தாள்.

எசென் கெரிம்குலுக்குப் போன் செய்து பார்த்தார். மேலே சிக்னல் கிடைப்பதில்லை. "அண்ணன் வாங்க மாட்டேம்பார். கொண்டுபோய்க் கொடுத்துடணும்" என்றார். என்னைப் பார்த்து, "நீ ஏன் பேசாம இருக்கே?" என்றார்.

"நீங்க போய்ப் பாருங்க. அதுதான் நல்லது" என்றேன்.

விடிந்ததும் தெருவின் ஆண்கள் எல்லோரும் குதிரையில் கிளம்பினார்கள். துப்பாக்கி, நாய்கள், நடுவில் கொடுக்கப் போகிற ஆடுகள். மேலே போய்ச் சேர்ந்தபோது கெரிம்குலின் மந்தை சரிவெல்லாம் பரவி மேய்ந்துகொண்டிருந்ததாம். அனார்கான் கூடார வாசலில் பால் கடைந்துகொண்டிருந்திருக்கிறார்.

"யாரு செத்தா?" என்று கேட்டாராம் வந்தவர்களைப் பார்த்து.

எசென் அண்ணனின் ஆடுகளை எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். பிறகு சிரித்துக்கொண்டே அண்ணனைக் கட்டிப்பிடித்தார்.

"ஒண்ணுன்னு சொன்னேனேடா" என்றார் கெரிம்குல்.

"சொன்னீங்க, சொன்னீங்க."

மற்றவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, நடந்தது என்ன என்று பேசி முடிவு செய்தார்கள். ஓநாய்க் கூட்டம் இருந்தது, ஆனால் ஜார்ச்சியின் குரலுக்குப் பயந்து முகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தக் குரலுக்குக் குதிரையே மிரளும், ஓநாய் நிற்குமா? இன்னொருவர், தாவ்லெத் கணக்கெடுக்க ஆரம்பித்ததுமே ஓநாய்கள் இடம் மாறிவிட்டன என்றார். முந்நூறு முந்நூறாகவே இருந்தது. கெரிம்குல் இரண்டு முறை வாயைத் திறந்தார். அனார்கான் அவர் கையில் புளித்த குதிரைப்பாலான குமிஸ் கிண்ணத்தைக் கொடுத்து, "குடிங்க. வந்திருக்காங்க இல்லே? அது போதும்" என்றார்.

எசென் சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டில் ஏறி எனக்குப் போன் செய்தார். "சாமானைக் கட்டு. இங்கே புல் இடுப்பு வரைக்கும் இருக்கு" என்றார். முழங்கால் வரை இருந்திருக்கும். நான் பெட்டியை இறக்கினேன். அந்த வாரம் தெரு காலியானது. கீழே புல் தாமதமாக வளர்ந்தாலும், பனிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு போர் வைக்கோல் தேறியது.

கொடுத்த ஆடுகளை யாரும் திரும்ப வாங்கவில்லை. கொடுத்ததை வாங்கினால் நம் மந்தைக்கு ஆகாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஓர் ஆட்டுக்குட்டியை இழந்து கெரிம்குல் பதினெட்டு ஆடு சம்பாதித்தார். அந்தப் பதினெட்டின் காதிலும் அனார்கான் சிவப்புத் துணி முடிந்தார். தங்கள் ஆடுகளோடு அவற்றை விற்கவோ அறுக்கவோ இல்லை. யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், கல்யாணம் நடந்தாலும், அந்த வீட்டு ஆடு திரும்பிப் போனது. கிழடு தட்டியிருந்தால் அதன் குட்டி போனது. இதற்குப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள் தாவ்லெத் இன்னொரு தேர்தலுக்கு நின்று அவரைக் கூப்பிட்டார். கெரிம்குல் தொண்டை சரியில்லை என்றார். பந்தயங்களில் மட்டும் கூவினார், முன்பு போலவே.

கடைசி ஆடு ஷாக்கேனுடையது. அவள் மகன் கல்யாணத்துக்கு அவரே கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். நான் பின்னால் தட்டோடு போனேன்.

ஷாக்கேன் கயிற்றை வாங்கவே கூச்சப்பட்டாள். கூடியிருந்தவர்களைப் பார்த்து, "மந்தை மொத்தத்தையும் ஓநாய்க்குக் கொடுத்த மனுஷன், எனக்கு ஆடு கொண்டுவந்திருக்காரு பாருங்க" என்றாள். அந்த மந்தை மேய்ந்ததை அவளும் மேலே வந்து பார்த்தவள்தான்.

"ஒண்ணுதான், ஷாக்கேன். ஒரு குட்டி" என்றார் கெரிம்குல்.

"ஆமாம் அண்ணே, ஒண்ணுதான், ஒண்ணுதான்." அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஆட்டு ரோமத்தைத் தட்டிவிட்டு, அவரை நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தாள். "சூடா தேநீர் கொண்டா, அண்ணனுக்கு இன்னும் அது மனசை விட்டுப் போகலே" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

நான் போய்த் தேநீர் கொண்டுவந்தேன். அவர் வாங்கிக் குடித்தார்.